கோயில் நோட்டில் எழுதிய தொகை: எது கடன், எது காணிக்கை?

காவேரிப்பட்டணம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் மாரியம்மன் கோயில் திருப்பணி நடக்கிறது. அதில் பலர் பல தொகைகளைத் தருவதாகச் சொல்கிறார்கள், சிலர் தரவில்லை. ஊர், ஆட்கள், தொகைகள், தேதிகள் எல்லாம் இந்த ஆய்வுக்காக அமைத்தவை. சட்டப் பிரிவுகளும் தீர்ப்புகளும் அசலானவை.

நடந்தது

கோயில் அறநிலையத் துறை நிர்வாகத்தில் இல்லை. ஊரார் ஐந்து பேர் கொண்ட திருப்பணிக் குழு, பதிவு செய்யாதது. 2025 ஜனவரியில் ஸ்தபதியோடு இரண்டு நிலைக் கோபுரத்துக்கு 14 லட்ச ரூபாய்க்கு ஒப்பந்தம் போடுகிறார்கள். ஜல்லி, எம்-சாண்ட், செங்கல் கொண்டுவந்து இறக்குவது குழுவின் பொறுப்பு. சிமெண்ட், கம்பி, சுதை வேலை, ஆள்கூலி ஸ்தபதி பொறுப்பு. ஆவணியில் கும்பாபிஷேகம்.

பிப்ரவரி 3 அன்று மாங்கூழ் ஆலை உரிமையாளர் ஒருவர் தர்மகர்த்தாவுக்கு வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புகிறார்: "ரெண்டு நிலை வேணாங்க தலைவரே, மூணு நிலையா எடுத்துருங்க. மேற்கொண்டு ஆகறத நான் பாத்துக்கறேன்." இரண்டு நாள் கழித்துக் கோயில் நோட்டில் அவரே எழுதிக் கையெழுத்துப் போடுகிறார்: மூன்றாம் நிலைக்கு 4,50,000, இப்போது 2,00,000, மீதி 2,50,000 மாங்காய் சீசன் முடிந்து ஜூலை 31க்குள். முதல் தவணை வந்துவிடுகிறது. பிப்ரவரி 19 அன்று குழு பழைய ஒப்பந்தத்தை மாற்றி, மூன்று நிலைக்கு 18,50,000 என்று ஸ்தபதியோடு புது ஒப்பந்தம் போடுகிறது.

ஏப்ரலில் பர்கூர் பக்கத்துக் கிரானைட் வியாபாரி ஒருவர் வருகிறார். முதல் நிலை எழும்பி நிற்கிறது. பார்த்துவிட்டு நோட்டில் 2,00,000 எழுதி, ஜூலை 15 தேதியிட்ட காசோலை ஒன்றையும் கொடுக்கிறார். அது பணம் போதவில்லை என்று திரும்புகிறது.

இதற்கிடையில் ஊர்க்காரர் ஒருவர், யாரும் கேட்காமலே, தன் டிராக்டரில் 38 நடை ஜல்லியும் எம்-சாண்டும் அடித்துத் தந்திருக்கிறார். மே மாதக் கூட்டத்தில் குழு அவருக்கு டீசலும் வண்டி வாடகையுமாக 40,000 தருவதாகத் தீர்மானம் எழுதுகிறது. ஜூலைக் கடைசியில், பத்திரிகை அச்சடித்த பிறகு, இன்னும் 75,000 வைத்தால்தான் மூன்றாம் நிலையைக் குறித்த நாளுக்குள் முடிக்க முடியும் என்கிறார் ஸ்தபதி. தர்மகர்த்தா ஒப்புக்கொண்டு நோட்டில் எழுதுகிறார்.

கும்பாபிஷேகம் முடிந்தது. ஆலைக்காரர், "இந்த வருஷம் கூழ் ஓடல, தானமா சொன்னதுதானே" என்கிறார். வியாபாரி போன் எடுப்பதில்லை. டிராக்டர்காரரும் ஸ்தபதியும் குழுவைக் கேட்கிறார்கள்.

சட்டம் கேட்கும் கேள்வி

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 25இல், மறுபயன் இல்லாத உடன்பாடு செல்லாது என்கிறது. சில விலக்குகளும் தருகிறது. மறுபயன் எது என்பது பிரிவு 2(டி)யில் இருக்கிறது: வாக்குறுதி கொடுத்தவரின் விருப்பத்தின் பேரில், அதைப் பெற்றவரோ வேறு ஒருவரோ ஒன்றைச் செய்திருந்தால், செய்யாமல் விட்டிருந்தால், அல்லது செய்வதாக, விடுவதாக வாக்களித்தால், அதுவே மறுபயன்.

இந்த வாக்கியத்தில் பெரும்பாலான வழக்குகளின் முடிவைத் தீர்மானிப்பது "வாக்குறுதி கொடுத்தவரின் விருப்பத்தின் பேரில்" என்ற பகுதிதான். தொகை நியாயமா, கொடுக்க வசதி இருக்கிறதா, கோயில் காரியமா சொந்தக் காரியமா என்பதெல்லாம் இங்கே வராது. யார் கேட்டு, யார், எப்போது, என்ன செய்தார் என்பதுதான் கேள்வி.

ஊரில் பரவலாக இருக்கும் ஒரு நம்பிக்கையை இங்கேயே ஒதுக்கிவிடலாம். முத்திரைத்தாளில் எழுதிவிட்டால், நோட்டரி வைத்துவிட்டால், வாக்குறுதி கட்டுப்படுத்தும் என்று நினைக்கிறார்கள். மறுபயன் இல்லாத வாக்குறுதியை முத்திரைத்தாள் தூக்கி நிறுத்தாது. மறுபயன் இருந்தால் வாய்ச்சொல்லும் ஒப்பந்தம்தான். எழுத்து, நிரூபிக்க உதவும், அவ்வளவே. எழுத்தும் பதிவும் சேர்ந்து மறுபயனுக்குப் பதிலாக நிற்கும் இடம் பிரிவு 25(1) மட்டும்: நெருங்கிய உறவினர் இடையே, இயல்பான அன்பாலும் பாசத்தாலும் செய்தது. ஊருக்கும் ஆலைக்காரருக்கும் அது பொருந்தாது.

ஆலைக்காரரின் இரண்டரை லட்சம்

இதுதான் குழுவின் பலமான கோரிக்கை. ஹௌரா நகர மண்டபத்துக்கு 100 ரூபாய் எழுதிவிட்டுத் தராதவர் மீதான கேதார்நாத் பட்டாச்சார்ஜி – கோரி மஹம்மது வழக்கில் (1886) கல்கத்தா உயர் நீதிமன்றம் பணத்தைக் கட்டச் சொன்னது. சந்தா சேரச் சேரக் கட்டடத் திட்டம் பெருத்து, 26,000 ரூபாயில் நினைத்த வேலை 40,000க்குப் போனது. தங்கள் சந்தாவை நம்பித்தான் ஒப்பந்தக்காரருக்குப் பணம் தரும் பொறுப்பை நகராட்சி ஏற்கப்போகிறது என்பது எழுதியவர்களுக்குத் தெரியும். அந்தப் பொறுப்பை ஏற்றதுதான் மறுபயன் என்றது நீதிமன்றம்.

நம் ஆலைக்காரர் ஹௌராக்காரரைவிட ஒரு படி மேலே போயிருக்கிறார். மூன்றாம் நிலை குழுவின் திட்டத்திலேயே இல்லை, கேட்டது அவர். அவர் கேட்டதற்குப் பிறகுதான் குழு ஸ்தபதிக்குக் கூடுதலாக 4,50,000 தரும் கடனைத் தலையில் ஏற்றிக்கொண்டது. "கோபுரம் எப்படியும் கட்டத்தானே போனாங்க" என்ற அவருடைய எதிர்வாதம் ஜனவரி ஒப்பந்தத்தைக் காட்டியதும் விழுந்துவிடும், ஏனென்றால் அதில் இரண்டு நிலைதான் இருக்கிறது.

வரிசைதான் இங்கே முக்கியம். பிப்ரவரி 3 கேட்டது, பிப்ரவரி 5 எழுதியது, பிப்ரவரி 19 பொறுப்பேற்றது. ஸ்தபதியோடு புது ஒப்பந்தம் ஜனவரியிலேயே போட்டு, "யாராவது தருவாங்க" என்று மூன்றாம் நிலையை ஆரம்பித்திருந்தால், ஆலைக்காரர் பிறகு எழுதிய அதே 4,50,000 வெறும் காணிக்கையாகியிருக்கும்.

பிப்ரவரி 10 அன்றே அவர் "வேண்டாங்க, விட்டுருங்க" என்று சொல்லியிருந்தால்? குழு அதற்குள் ஸ்தபதியிடம் எதற்கும் கட்டுப்படவில்லை. ஆனால் அவருடைய குரல் பதிவுக்குத் தர்மகர்த்தா "சரிங்க, மூணு நிலையே கட்டிடறோம்" என்று பதில் அனுப்பியிருந்தால், அந்த வாக்குறுதியே மறுபயன். செய்வதாகச் சொல்வதும் பிரிவு 2(டி)க்குள் வரும். அப்படிப் பதில் இல்லாமல், கட்டினால் தருகிறேன் என்ற ஒரு பக்கப் பேச்சாகவே நின்றிருந்தால், குழு செயலில் இறங்குமுன் அவர் பின்வாங்கியிருக்கலாம். ஒரு வரிப் பதில் அனுப்பாததால் லட்சங்கள் தவறிப்போகக்கூடிய இடம் இது.

பாக்கிக்காக ஸ்தபதியே நேராக ஆலைக்காரர் மீது வழக்குப் போட முடியாது. அவருக்கு வாக்குக் கொடுத்தது குழு. சின்னையா – ராமையா (1882) தீர்ப்பைச் சிலர் இங்கே இழுப்பார்கள். அதில், தாய் தானமாகக் கொடுத்த சொத்தைப் பெற்ற மகள், தாயின் சகோதரிக்கு ஆண்டுதோறும் பணம் தருவதாக எழுதிக்கொடுத்தாள். மறுபயன் தாயிடமிருந்து வந்திருந்தாலும் சகோதரி வசூலிக்கலாம் என்று மதராஸ் உயர் நீதிமன்றம் சொன்னது. ஆனால் அங்கே மகள் எழுதிக்கொடுத்தது சகோதரிக்கே. ஆலைக்காரர் ஸ்தபதிக்கு எதையும் எழுதிக்கொடுக்கவில்லை.

கிரானைட் வியாபாரியின் இரண்டு லட்சம்

நோட்டு ஒன்றுதான், அதே பேனாகூட இருக்கலாம். ஆனாலும் குழு இங்கே தோற்கும் என்பதே எங்கள் கருத்து. அவர் எழுதிய ஏப்ரலில் 18,50,000 பொறுப்பு ஏற்கெனவே குழுவின் மீது இருந்தது. அவர் சொல்லி ஒரு செங்கல்லும் கூடுதலாக ஏறவில்லை.

துரைசாமி ஐயர் – அருணாசல ஐயர் வழக்கும் (1936) ஒரு கோயில் திருப்பணிதான். வேலை நடந்துகொண்டிருக்கும்போது மேலும் பணம் தேவைப்பட்டுச் சந்தாப் பட்டியல் போட்டார்கள். ஒருவர் 125 ரூபாய் எழுதினார், தரவில்லை. வேலையைச் செய்யும்படியோ பொறுப்பை ஏற்கும்படியோ அவர் கேட்டதற்குச் சான்று இல்லை என்று மதராஸ் உயர் நீதிமன்றம் கோரிக்கையைத் தள்ளியது. மசூதி பழுதுபார்க்க 500 ரூபாய் தருவதாகச் சொன்ன அப்துல் அஜீஸ் – மாசும் அலி வழக்கிலும் (1914) அலகாபாத் உயர் நீதிமன்றம் அதே பக்கம்தான் நின்றது. வாக்கை நம்பிப் பெரும் பொறுப்பை ஏற்றால் போதும் என்று கேதார்நாத்தை மட்டும் படித்துவிட்டு வருகிறவர்கள் இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். தமிழ்நாட்டில் உள்ள நீதிமன்றத்தில் முதலில் எடுத்து நீட்டப்படுவது துரைசாமி ஐயர் தீர்ப்பாகத்தான் இருக்கும்.

குழுவுக்கு ஒரே ஒரு சந்து இருக்கிறது: கல்வெட்டு. ஒரு லட்சத்துக்கு மேல் தருகிற எல்லார் பெயரையும் வெட்டுவது குழுவின் வழக்கம் என்றால், அது நன்றி தெரிவிப்பது. வியாபாரி கேட்டுச் செய்ததல்ல. ஆனால் அவர் எழுதும்போது, "எங்கப்பா பேர்ல, வாசல் வலப்பக்கம், தனிக் கல்லுல வெட்டணும்" என்று சொல்லி, குழு ஒப்புக்கொண்டு வெட்டியும் வைத்திருந்தால் கதை மாறுகிறது. அவர் விருப்பத்தின் பேரில் நடந்த செயல் ஒன்று கிடைத்துவிட்டது. கல்லும் எழுத்துக்கூலியும் சில ஆயிரம்தானே, இரண்டு லட்சத்துக்கு ஈடாகுமா என்று அவர் கேட்க முடியாது. பிரிவு 25இன் இரண்டாம் விளக்கப்படி, மறுபயன் குறைவு என்பதற்காக மட்டும் உடன்பாடு செல்லாமல் போகாது. சம்மதம் சுயமாகத் தரப்பட்டதா என்று பார்க்கும்போது மட்டும் அது கணக்கில் வரும். அமெரிக்காவில் அலகேனி கல்லூரி வழக்கில் (1927) நீதிபதி கார்டோசோ, கொடையாளியின் பெயரில் நிதி அமைக்கக் கல்லூரி ஏற்ற கடமையையே மறுபயனாக எடுத்துக்கொண்டார். அந்தத் தீர்ப்பு இங்கே கட்டுப்படுத்தாது, வாதத்துக்கு உதவும்.

திரும்பிய காசோலை

"செக்கு இருக்கே, 138 போட்டுருவோம்" என்பதுதான் குழுவில் முதலில் எழும் குரல். 138 என்பது காசோலை திரும்பியதற்குக் குற்றப் புகார் போடும் பிரிவு. மாற்றுமுறை ஆவணச் சட்டம் (1881) பிரிவு 118, 139 இரண்டும் காசோலை வைத்திருப்பவருக்குச் சாதகமான அனுமானத்தைத் தருகின்றன: மறுபயனுக்காகவும், கடனுக்காகவும் கொடுக்கப்பட்டது என்று நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளும். ஆனால் பிரிவு 138இன் விளக்கமே, சட்டப்படி வசூலிக்கத்தக்க கடனோ பொறுப்போ இருக்க வேண்டும் என்கிறது. பிரிவு 43, மறுபயன் இல்லாத ஆவணத்தால் நேரடித் தரப்பினரிடையே பணம் தரும் கடமை எழாது என்கிறது. அனுமானத்தை உடைக்கச் சந்தேகமற்ற நிரூபணம் தேவையில்லை. நிகழ வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும் என்பதை உச்ச நீதிமன்றம் ரங்கப்பா – ஸ்ரீ மோகன் (2010), பசலிங்கப்பா – முதிபசப்பா (2019) வழக்குகளில் சொல்லியிருக்கிறது.

வியாபாரிக்கு அந்தச் சான்றைத் தேடிப்போக வேண்டிய வேலையும் இல்லை. குழு தாக்கல் செய்யும் நோட்டிலேயே தலைப்பில் "நன்கொடை" என்று இருக்கும். குழுவின் செயலாளர் குறுக்கு விசாரணையில் "ஆமாம், காணிக்கையாகத்தான் தந்தார்" என்று ஒரு வரி சொன்னால் போதும்.

இத்தனைக்குப் பிறகும் போடத்தான் வேண்டும் என்றால் கெடுக்களைத் தவறவிடக் கூடாது. காசோலை திரும்பிய தகவல் வங்கியிலிருந்து வந்து 30 நாளுக்குள் எழுத்து அறிவிப்பு, அது கிடைத்த நாளிலிருந்து 15 நாள் அவகாசம், அதிலும் தராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் புகார். கல்வெட்டு ஏற்பாடு எழுத்தில் இருந்தால் மட்டும் இந்த வழி யோசிக்கத்தக்கது.

டிராக்டர்காரரின் 38 நடை

இங்கே குழு பிரதிவாதி, நாற்பதாயிரத்தையும் கட்ட வேண்டியிருக்கும். 38 நடையும் தீர்மானத்துக்கு முன்பே நடந்துவிட்டன, யாரும் கேட்கவும் இல்லை. ஆகவே பிரிவு 2(டி) உதவாது. பிரிவு 25(2) உதவும்: ஒருவர் தானாக முன்வந்து நமக்கு ஏற்கெனவே செய்த ஒன்றுக்கு ஈடுசெய்வதாகச் சொன்னால், மறுபயன் இல்லை என்று அதைத் தள்ள முடியாது. எழுத்துகூட வேண்டியதில்லை.

குழு தப்பிக்கப் பார்க்கும் இடம் "நமக்கு" என்ற சொல். "அவர் அம்மனுக்குச் செஞ்சாரு, எங்களுக்கா செஞ்சாரு?" இந்த வாதத்துக்குப் பின்னால் ஒரு பழைய தீர்ப்பின் நிழல் உண்டு. துர்கா பிரசாத் – பல்தேவ் (1880) வழக்கில் கலெக்டர் உத்தரவின் பேரில் ஒருவர் தன் செலவில் சந்தை கட்டினார். அதில் கடை வைத்தவர்கள் விற்பனையில் தரகு தருவதாகச் சொன்னது கட்டுப்படுத்தாது, ஏனென்றால் சந்தை கட்டப்பட்டது அவர்கள் கேட்டு அல்ல என்றது அலகாபாத் நீதிமன்றம். ஆனால் நம் வழக்கில் ஜல்லி, எம்-சாண்ட் இறக்குவது ஸ்தபதி ஒப்பந்தப்படி குழுவின் கடமை. டிராக்டர் ஓடாவிட்டால் குழு வாடகை வண்டி பிடித்திருக்கும். செலவு மிச்சமானது குழுவுக்கு. ஆகவே அது குழுவுக்காகச் செய்ததுதான்.

இன்னொன்றையும் குழுவினர் கவனிப்பதில்லை. பதிவு செய்யாத குழுவுக்குச் சட்டத்தில் தனி உருவம் கிடையாது. தீர்மானத்தில் கையெழுத்துப் போட்ட ஐந்து பேரும் தங்கள் கையிலிருந்து தர நேரலாம்.

ஸ்தபதியின் எழுபத்தைந்தாயிரம்

மூன்று நிலையையும் கும்பாபிஷேகத்துக்குள் முடிப்பதாக ஏற்கெனவே ஒப்புக்கொண்டவர், அதே வேலைக்கு, அதே நாளுக்குள் முடிக்க, கூடுதல் கேட்கிறார். குழுவுக்கு ஏற்கெனவே தர வேண்டியதையே மறுபடி தருவது மறுபயனாகாது. வக்காலத்து ஏற்றுக்கொண்ட பிறகு வக்கீலுக்கு வழக்கு வென்றால் கூடுதலாகத் தருகிறேன் என்று கட்சிக்காரர் சொன்னது கட்டுப்படுத்தாது என்று ராமச்சந்திர சிந்தாமன் – காளு ராஜு (1877) வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம் சொன்ன கொள்கை இங்கே அப்படியே பொருந்தும். வேலை நின்றுபோகாமல் கிடைத்த நடைமுறை நன்மையையே மறுபயனாக ஏற்ற வில்லியம்ஸ் – ராஃபி (1989) இங்கிலாந்துத் தீர்ப்பைக் காட்டி ஸ்தபதி வாதாடலாம். பத்திரிகை அச்சடித்த பிறகு எழுந்த கோரிக்கை என்பதால், அழுத்தம் கொடுத்து வாங்கிய வாக்கு என்ற பதில் குழுவிடம் தயாராக இருக்கும்.

அவர் புதிதாக எதையாவது ஏற்றிருந்தால் பேச்சு வேறு. ஒப்பந்தத்தில் இல்லாத இரண்டு சுதை துவாரபாலகர், அல்லது குறித்த நாளுக்குப் பத்து நாள் முன்பே சாரம் பிரித்துக் கொடுப்பது, இப்படி ஒன்று நோட்டில் எழுதப்பட்டிருந்தால் 75,000 கடனாகிவிடும். நம் நோட்டில் "ஸ்தபதிக்குக் கூடுதல் 75,000" என்று மட்டும்தான் இருக்கிறது.

மாறாக, பாக்கி 3,00,000 நிற்கும்போது 2,75,000 வாங்கிக்கொண்டு "முழுதும் தீர்ந்தது" என்று ஸ்தபதி கையெழுத்துப் போட்டுவிட்டால், மிச்ச 25,000ஐ அவர் மறுபடி கேட்க முடியாது. விட்டுக்கொடுக்க மறுபயன் தேவையில்லை என்பது பிரிவு 63. 5,000 கடனுக்கு 2,000 வாங்கிக்கொண்டு முழுதும் தீர்ந்ததாக ஏற்றால் கடன் முடிந்தது என்று சட்டமே உதாரணம் தருகிறது. இங்கிலாந்துச் சட்டம் படித்துவிட்டு வருகிற மாணவர்கள் அடிக்கடி தடுக்கி விழும் இடம் இது. அங்கே ஃபோக்ஸ் – பீர் (1884) நேர் எதிர்.

வழக்குப் போடும்போது

ஆலைக்காரர் மீதான வழக்கைக் குழு ஊர் சார்பாகப் போடுவதென்றால் உரிமையியல் நடைமுறைச் சட்டம் ஆணை 1, விதி 8இன் கீழ் நீதிமன்ற அனுமதி வாங்க வேண்டும்; ஊராருக்கு அறிவிப்பும் போக வேண்டும். இதை விட்டுவிட்டு, தர்மகர்த்தா தன் பெயரில் மட்டும் போட்டு, உனக்கு என்ன உரிமை என்ற முதல் எதிர்வாதத்திலேயே மாட்டிக்கொள்வது சாதாரணமாக நடக்கிறது. நீதிமன்றக் கட்டணம் கோரும் தொகையில் 3 சதவீதம், அதாவது 2,50,000க்கு 7,500.

சான்றில் முதலில் வைக்க வேண்டியது நோட்டு அல்ல, ஜனவரி, பிப்ரவரி ஒப்பந்தங்கள் இரண்டும். இரண்டுக்கும் உள்ள 4,50,000 வித்தியாசமும் ஆலைக்காரர் எழுதிய தொகையும் ஒன்றாக இருப்பதே வழக்கின் முதுகெலும்பு. அடுத்தது குரல் பதிவு. புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியம் (2023) பிரிவு 63இன் கீழ் சான்றிதழ் இல்லாமல் அது ஏறாது. சான்றிதழின் அ பகுதி போன் வைத்திருப்பவர் தருவது, ஆ பகுதி நிபுணர் தருவது; கோப்பின் ஹேஷ் மதிப்பு, அதாவது கோப்பு மாறவில்லை என்று காட்டும் கைரேகை போன்ற எண், இரண்டிலும் வர வேண்டும். பதிவை வேறு போனுக்கு அனுப்பி, அங்கிருந்து பென்டிரைவில் ஏற்றி, அசல் போனை மாற்றிவிட்டால் பிறகு யார் சான்றிதழ் தருவது என்ற சிக்கல் வரும். தர்மகர்த்தாவின் போன் அப்படியே இருக்க வேண்டும்.

நோட்டில் ஒரு வரி கூடுதலாக எழுதியிருந்தால் இவ்வளவு சான்று தேவைப்பட்டிருக்காது: "மூன்றாம் நிலை சேர்த்துக் கட்டும்படி நான் கேட்டதன் பேரில் குழு ஸ்தபதியிடம் கூடுதல் பொறுப்பு ஏற்பதால், அதற்கான ரூபாய் 4,50,000ஐக் கீழ்க்கண்ட தவணைகளில் தருகிறேன்." குழு எழுத வேண்டிய பதில் வரி: "அவ்வாறே மூன்று நிலையாகக் கட்ட ஒப்புக்கொள்கிறோம்." இரண்டுக்கும் கீழே தேதி, கையெழுத்து. தேதி ஸ்தபதி ஒப்பந்தத்துக்கு முந்தியதாக இருக்க வேண்டும். பின்னால் போட்டு முன்தேதி எழுதினால் மை, பக்க வரிசை, அடுத்தடுத்த ரசீது எண்கள் எல்லாம் காட்டிக்கொடுத்துவிடும்.

கெடு மூன்று வருடம். இரண்டாம் தவணை 2025 ஜூலை 31 அன்று தவறியதால், 2028 ஜூலை 31க்குள் வழக்கு மனு (வாதுரை) தாக்கலாக வேண்டும். அதற்கு முன் ஆலைக்காரர் "பாக்கி இரண்டரை லட்சம் இருப்பது உண்மைதான்" என்று கையெழுத்திட்டு எழுதினாலும், காலவரையறைச் சட்டம் (1963) பிரிவு 18இன்படி அந்த நாளிலிருந்து புது மூன்று வருடம் கிடைக்கும். 2028 ஜூலை 31 தாண்டிய பிறகு அப்படி ஒப்புக்கொள்வது மட்டும் போதாது. ஒப்பந்தச் சட்டம் பிரிவு 25(3)க்குள் வர, தருகிறேன் என்ற வாக்குறுதி எழுத்தில், கையெழுத்தோடு வேண்டும். "அடுத்த சீசனுக்குப் பாத்துக்கலாங்க" என்று அவர் போனில் சொன்னதை நம்பிக் காத்திருக்கும் குழு, அந்தத் தேதிக்கு முன்பே ஒரு தாளோடு ஆலைக்குப் போய் வர வேண்டும்.